கப்பல் பயணத்தில் சின்னக் குழந்தைக்கு என்னென்ன எடுத்துக்கொள்வது? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஆனால் இன்றைக்கு ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். படித்ததிலிருந்து அது மனதிலேயே நிற்கிறது.

ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். இரண்டரை வயதுப் பெண் குழந்தை. ஏழு இரவுக் கப்பல் பயணம். கணவர், மாமனார், மாமியார், நாத்தனார் குடும்பம் என்று எல்லோரும் சேர்ந்து போகிறார்கள். அவர் கேட்பதை அப்படியே வாசிக்கிறேன். "குழந்தைக்கு என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் அனுப்புகிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் குழந்தைக்கு மட்டும் இரண்டு சூட்கேஸ் ஆகிறது. எதை விட்டுவிடலாம், எதை விடவே கூடாது? டயபர் எத்தனை வேண்டும்? நீச்சல் குளத்துக்காகக் கையில் மாட்டும் காற்று மிதவை வாங்கிவிட்டேன், அது போதுமா?"

நல்ல கேள்வி. இதில் 'எதை விடவே கூடாது' என்று ஒன்று வருகிறது பாருங்கள், அதிலிருந்தே தொடங்குகிறேன். நம் காணொளிகளைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும், கப்பல் ஏறும் நாளைப் பற்றிப் பேச்சு வந்தாலே நான் ஒன்றைச் சொல்லாமல் விடமாட்டேன். பெட்டி உங்கள் கையில் இல்லாத நேரத்துக்கு முதலில் தயாராகுங்கள். பெரியவர்களுக்கு அந்த நேரத்தில் கொஞ்சம் வசதி குறையும், அவ்வளவுதான். குழந்தைக்கு அந்தச் சில மணி நேரத்தில்தான் கப்பல் என்பது பிடித்துப்போகும், இல்லை பிடிக்காமல் போகும்.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்காக அது எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் போய் இறங்கியதும் பெரிய பெட்டிகளை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் உங்கள் கேபின் எண் போட்ட சீட்டு கட்டியிருக்க வேண்டும். அது பரிசோதனை முடிந்து, ஆயிரக்கணக்கான மற்றப் பெட்டிகளோடு கப்பலுக்குள் போய், தளம் தளமாகப் பிரிந்து, உங்கள் கேபின் வாசலுக்கு வர வேண்டும். நீங்கள் பகல் 12 மணிக்கு ஏறினால் பெட்டி மாலை ஐந்து மணிக்கும் வரலாம், இரவுச் சாப்பாடு முடித்துத் திரும்பும்போதும் வராமல் இருக்கலாம். கேபினும் ஏறிய உடனே கிடைக்காது, பல கப்பல்களில் மதியத்துக்கு மேல்தான் உள்ளே விடுவார்கள். கடைசி இரவில் இதுவே தலைகீழாக நடக்கும். இரவு 10, 11 மணிக்குள் பெட்டிகளை வாசலில் எடுத்து வைத்துவிடச் சொல்வார்கள். அதற்கப்புறம் மறுநாள் கரையில் இறங்கித்தான் அவற்றைப் பார்ப்பீர்கள். கடைசி இரவு எல்லாவற்றையும் மடித்து வைத்து அனுப்பிவிட்டு, காலையில் குழந்தைக்குப் போட ஒரு ஜோடி உடுப்பு இல்லாமல், இரவு உடையோடு இறக்கிக் கூட்டிக்கொண்டு போகிற குடும்பங்கள் ஒவ்வொரு கப்பலிலும் உண்டு.

ஏறும் நாளில் நான் பார்த்த ஒன்று இன்னும் கண்ணில் இருக்கிறது. மூன்று, மூன்றரை வயதுப் பையன். நல்ல வெயில். தடித்த ஜீன்ஸ், மூடிய ஷூ. மேல் தளத்தில் சின்னக் குழந்தைகளுக்கான நீர் விளையாட்டு இடத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்துக்கொண்டிருக்கிறது, அவன் வயதுப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். இவனுடைய நீச்சல் உடை சூட்கேஸில், சூட்கேஸ் எங்கேயோ கீழ்த்தளத்தில். அம்மா 'கொஞ்ச நேரத்தில் வந்துவிடும்' என்கிறார். மூன்று வயதுப் பிள்ளைக்குக் கொஞ்ச நேரம் என்றால் என்ன தெரியும்? அவன் அழுத அழுகையைப் பிடிவாதம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு சின்ன நீச்சல் உடை, மடித்தால் உள்ளங்கையளவு. அது கையோடு வந்த பையில் இருந்திருந்தால் அந்த மதியம் வேறு மாதிரி போயிருக்கும்.

ஆகவே சகோதரி, இரண்டு சூட்கேஸைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு ஒரு முதுகுப் பையை எடுங்கள். முதலில் அதை நிரப்புங்கள். நீச்சல் உடையும் நீச்சல் டயபரும். இரண்டு ஜோடி மாற்றுடை, ஏனென்றால் ஒன்று கட்டாயம் நனையும். ஒரு நாளைக்குத் தேவையான டயபரும் அதற்கு மேல் மூன்று நான்கும். ஈரத் துடைப்பான், ஒரு துண்டு, தொப்பி, சன்ஸ்க்ரீன். குழந்தை குடிக்கிற புட்டி அல்லது கப், அவளே பழகிய கப். மருந்து முழுவதும், ஒரு பாட்டில்கூடச் சூட்கேஸில் போகக் கூடாது. அப்புறம் அவள் தூங்கும்போது கட்டிக்கொள்கிற பொம்மையோ துணியோ எதுவாக இருந்தாலும் அது உங்கள் தோளில்தான் வர வேண்டும். தொலைந்தால் கப்பலில் எந்தக் கடையிலும் அது கிடைக்காது.

காகிதங்களும் இந்தப் பையில்தான். பாஸ்போர்ட், விசா தேவைப்படும் இடமென்றால் விசா, பிறப்புச் சான்றிதழின் நகல், தடுப்பூசி அட்டையின் நகல். பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டு வரிசையில் நின்று தேடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். இன்னொன்று, இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தாத்தா பாட்டிகளுக்கு. பெற்றோர் இல்லாமல் பேரக்குழந்தையைக் கூட்டிப் போகிறீர்கள் என்றாலும், அப்பா அம்மா இருவரில் ஒருவர் மட்டும் வருகிறார் என்றாலும், வராதவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் கேட்கப்படலாம். அது நோட்டரி முன்னால் கையெழுத்தானதாக இருப்பது நல்லது. ஏறும் நாளன்று தயார் செய்ய முடியாத காகிதம் அது.

அந்த முதல் மதியத்தில் இன்னொரு வேலையும் இருக்கிறது, அவசரகாலப் பயிற்சி. எல்லோரும் தங்களுக்குக் குறித்த இடத்துக்குப் போய்ப் பதிவு செய்ய வேண்டும். 2012 ஜனவரியில் இத்தாலியக் கடற்கரையை ஒட்டி கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தது பலருக்கு நினைவிருக்கும். அன்றைக்குத்தான் ஏறியிருந்த பயணிகளுக்கு அப்போது பயிற்சி நடந்திருக்கவில்லை. அந்தக் காலத்து விதியில் 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று இருந்தது. அதற்கப்புறம் சோலாஸ் என்கிற சர்வதேசக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கையைத் திருத்தி, 2015 ஜனவரி 1 முதல் கப்பல் கிளம்புவதற்கு முன்னாலோ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று மாற்றினார்கள். பயிற்சி வரும் நேரம் பெரும்பாலும் குழந்தையின் மதியத் தூக்கத்தோடு மோதும். தவிர்க்க நினைக்காதீர்கள். பையில் அவளுக்குப் பிடித்த கொறிக்கும் பொருள் ஒன்று இருக்கட்டும், கடையில் வாங்கிப் பிரிக்காத பாக்கெட். வீட்டில் செய்த உணவைப் பல கப்பல்களில் ஏற்ற விடமாட்டார்கள். நீங்கள் போய் இறங்கும் ஊர்களிலும் பழம், இறைச்சி, பால் பொருள் போன்றவற்றைக் கரைக்குக் கொண்டுபோகத் தடை இருக்கலாம்.

பயிற்சி என்றதும் லைஃப் ஜாக்கெட். நிறையப் பேர் குழந்தைக்கு லைஃப் ஜாக்கெட்டை வீட்டிலிருந்தே கொண்டு போகிறார்கள், அவசரம் வந்தால் வேண்டுமே என்று. அவசரத்துக்கு உங்கள் ஜாக்கெட் வேண்டாம். குழந்தைகளுக்கு ஏற்ற ஜாக்கெட் வைத்திருப்பது கப்பலின் கடமை, அதே சோலாஸில் இருக்கிறது. 24 மணி நேரத்துக்கு மேல் போகும் பயணத்தில் ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் ஒன்று இருந்தாக வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது, அந்த விதிகளில் கைக்குழந்தை என்பது 15 கிலோவுக்குக் குறைந்த எடை. 15 முதல் 43 கிலோ வரை உள்ளவர்களுக்குத்தான் 'குழந்தை' அளவு. இரண்டரை வயதுப் பெண் பெரும்பாலும் 15 கிலோவுக்குள்தான் இருப்பாள். நடக்கிறாள், பேசுகிறாள் என்பதால் பெரிய அளவைக் கொடுத்தால் அது தலைக்கு மேல் நழுவும். கேபின் ஊழியரிடம் எடையைச் சொல்லி முதல் நாளே சரியான அளவைக் கேட்டு, ஒரு தடவை போட்டுப் பாருங்கள். ஜாக்கெட் எந்த இடத்தில் தருவார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், சில கப்பல்களில் கேபினில் இருக்கும், சிலவற்றில் கூடும் இடத்தில் தருவார்கள். சின்னக் குழந்தைகளின் கையில் கூடும் இடத்தின் எண் போட்ட பட்டை ஒன்றையும் கட்டிவிடுவார்கள். அதைக் குளிக்கும்போதும் கழற்றாதீர்கள்.

சரி, டயபர் கணக்கு. இரண்டரை வயதில் ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு ஆகும். ஏழு இரவு என்றாலும் பகலைக் கணக்கிட்டால் எட்டு நாள். எட்டு ஆறு நாற்பத்தெட்டு. அதற்கு மேல் இரண்டு நாளுக்குச் சேர்த்து அறுபது வைத்துக்கொள்ளுங்கள். வயிறு கெட்டால் அந்த இரண்டு நாள் இருப்பு ஒரே நாளில் போய்விடும். கப்பல் கடையில் டயபர் இருந்தாலும் உங்கள் குழந்தையின் அளவு இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். டயபர் பெரிய இடத்தைப் பிடிக்கிறதே என்று கவலை வேண்டாம். பாக்கெட்டைப் பிரித்து ஷூவுக்குள்ளும் பெட்டியின் மூலைகளிலும் செருகிவிடலாம். திரும்பும்போது அந்த இடம் காலியாகத்தான் இருக்கும்.

அழுக்கு டயபருக்குக் கட்டிப் போடும் சின்னப் பைகள் ஒரு கட்டு வேண்டும், கேபின் சிறியது, காற்றோட்டம் குறைவு. ஈரத் துடைப்பானை ஒருபோதும் கழிப்பறையில் போடாதீர்கள். கப்பலின் கழிப்பறை வெற்றிடக் குழாயில் இயங்குகிறது. ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரில் காற்றழுத்தம்தான் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு துடைப்பான் மாட்டினால் உங்கள் கேபினோடு நிற்காது, பக்கத்துக் கேபின்களுக்கும் அடைத்துக்கொள்ளும்.

அந்தக் கழிப்பறையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. அதன் சத்தம். பொத்தானை அழுத்தியதும் ஒரு பெரிய உறிஞ்சல் சத்தம் வரும், பெரியவர்களே முதல் தடவை துள்ளுவார்கள். இப்போதுதான் டயபரை விட்டுப் பழகுகிற குழந்தை அதில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது அழுத்திவிட்டால், அப்புறம் அந்தப் பயணம் முழுவதும் அந்தப் பக்கமே வரமாட்டாள். ஊருக்குத் திரும்பிய பிறகும் வாரக்கணக்கில் அடக்கிக்கொண்ட பிள்ளையைப் பற்றி ஒரு நேயர் முன்பு எழுதியிருந்தார். குழந்தையைக் கீழே இறக்கி, மூடியைச் சாத்தி, அவளை வெளியே அனுப்பிவிட்டு அழுத்துங்கள். இல்லையென்றால் அவளையே 'இப்போது பெரிய சத்தம் வரும்' என்று சொல்லி அழுத்த விடுங்கள், சில குழந்தைகளுக்கு அது விளையாட்டாகிவிடும். மடித்து எடுத்துப் போகும் சின்ன இருக்கை ஒன்றை வீட்டில் பழக்கிவைத்திருந்தால் அதையும் கொண்டு போங்கள். டயபரிலிருந்து விடுபடும் பழக்கத்தைப் பயணத்துக்கு முந்தின வாரம் ஆரம்பிக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

குளியலறையில் பெரும்பாலும் ஷவர் மட்டும்தான் இருக்கும், தொட்டி இருக்காது. ஷவருக்குப் பயப்படும் குழந்தை என்றால் காற்றடைத்த சின்னத் தொட்டி ஒன்று கை கொடுக்கும், காற்றை இறக்கினால் ஒரு துண்டு அளவுதான். ஒரு கப் இருந்தாலும் போதும். துணி உலர்த்த ஷவருக்கு மேலே இழுத்துக் கட்டும் கயிறு பல கப்பல்களில் இருக்கிறது. அதனால்தான் உடை விஷயத்தில் இவ்வளவு வேண்டாம் என்கிறேன். மெல்லிய, சீக்கிரம் காயும் துணிகள் எட்டு ஜோடி, இரண்டு நீச்சல் உடை. ஒன்று காயும்போது இன்னொன்று போடலாம். குளிரூட்டிய சாப்பாட்டுக் கூடத்துக்கும் காற்றடிக்கும் மேல்தளத்துக்கும் ஒரு மெல்லிய ஸ்வெட்டர். உங்கள் இரண்டாவது சூட்கேஸ் பெரும்பாலும் உடையால்தான் வருகிறது என்று நினைக்கிறேன், அதைத் திறந்து பாருங்கள்.

கேபினைப் பற்றி முன்பே ஒரு காணொளியில் விரிவாகச் சொல்லியிருக்கிறேன், சுருக்கமாக வருகிறேன். உள்பக்கக் கேபின் பெரும்பாலும் 150 முதல் 180 சதுர அடிதான் இருக்கும். கதவு குறுகலானது, பல கப்பல்களில் 23 அங்குலத்தை ஒட்டித்தான் அகலம். பெரிய ஸ்ட்ரோலர் நுழையாது. வெளியே நடைபாதையில் நிறுத்தவும் விடமாட்டார்கள், தீ விபத்து வந்தால் வழி மறிக்கும். ஒரு கையால் மடிக்கிற குடை மாதிரி ஸ்ட்ரோலர்தான் சரி. சில ஊர்களில் கப்பல் கரையைத் தொடாது, நடுக்கடலில் நின்று சின்னப் படகில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அப்போது ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் மடித்த ஸ்ட்ரோலர். அந்த நேரத்துக்கு, குழந்தையை உடம்போடு கட்டிக்கொள்ளும் துணிப்பை இருந்தால் இரண்டு கையும் உங்களுக்கு மிச்சம்.

கேபின் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு. காந்தக் கொக்கி நான்கு ஐந்து எடுத்துப் போங்கள். ஈரத் துணி, தொப்பி, பை எல்லாம் தரையை விட்டு மேலே போய்விடும், தரை குழந்தைக்குக் கிடைக்கும். உள்பக்கக் கேபினில் விளக்கை அணைத்தால் துளி வெளிச்சம் இருக்காது. நடு இரவில் விழிக்கும் குழந்தைக்கு அது பயம். பேட்டரியில் எரியும் ஒரு சின்ன இரவு விளக்கு போதும். தொட்டிலைக் கப்பலே தரும், முன்கூட்டிக் கேட்டுவைக்க வேண்டும். தொட்டில் விரிப்பு மட்டும் வீட்டிலிருந்து, துவைக்காமல், அவள் படுத்த வாசனையோடு எடுத்துப் போங்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையை வைத்துக்கொண்டு இதைக் கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை, அந்த வயதில் தொட்டிலுக்குள் தலையணை, போர்வை, பொம்மை எதுவும் கூடாது. கப்பலிலும் அதே விதிதான்.

கொண்டு போகக் கூடாதவை என்று ஒரு வகை இருக்கிறது. சூடாக்கும் சாதனம் எதையும் பெரும்பாலான கப்பல்கள் அனுமதிப்பதில்லை. கெட்டில், இஸ்திரிப் பெட்டி, பலவற்றில் பால் புட்டியைச் சூடாக்கும் கருவியும் இதில் அடக்கம். மின்னழுத்தப் பாதுகாப்புள்ள எக்ஸ்டென்ஷன் கார்டும் கூடாது. பரிசோதனையில் எடுத்து வைத்துக்கொண்டு கடைசி நாள்தான் தருவார்கள், உங்கள் பெட்டி வந்து சேர்வதும் அதனால் தாமதமாகும். வெந்நீர் வேண்டுமென்றால் அறைச் சேவையிடம் கேட்கலாம். கேபினில் இருக்கும் சின்னக் குளிர்பெட்டி பல கப்பல்களில் உண்மையான குளிர்சாதனப் பெட்டி கிடையாது, பானத்தைக் குளிராக வைப்பதற்குத்தான். தாய்ப்பாலோ குளிரில் வைக்க வேண்டிய மருந்தோ இருந்தால் மருத்துவத்துக்கான குளிர்பெட்டி வேண்டும் என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

மருந்து. கடல் குமட்டல் பற்றிப் பேசிய காணொளியில் சொன்னதுதான், இரண்டு வயதுக்குள் அது அரிது, இரண்டுக்கு மேல் 12 வரைதான் அதிகம். உங்கள் மகள் அந்த வயதில் காலடி வைத்திருக்கிறாள். காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டை பெரியவர்களுக்கானது, குழந்தைக்கு ஒட்டக் கூடாது. உங்களுக்கு வாங்கிய மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கவும் கூடாது. குழந்தை மருத்துவரைப் பார்த்து, எடைக்கு ஏற்ற அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வகை மருந்துகள் சில குழந்தைகளைத் தூங்க வைப்பதற்குப் பதிலாகத் துள்ள வைத்துவிடும், அதையும் அவரிடம் கேளுங்கள். காய்ச்சல் மருந்து, அளவு பார்க்கும் சிரிஞ்சு, தெர்மாமீட்டர், ஓஆர்எஸ் பாக்கெட், டயபர் புண்ணுக்கான களிம்பு. கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் சின்னக் குழந்தைக்கு ஏற்ற மருந்து எல்லாம் அங்கே இருக்கும் என்று எண்ணாதீர்கள்.

கை சுத்திகரிப்பு ஜெல்லை எல்லோரும் டஜன் கணக்கில் வாங்குகிறார்கள். கப்பலில் வயிற்றுப்போக்கு பரவினால் பெரும்பாலும் நோரோவைரஸ்தான் காரணம், அதன் மேல் ஆல்கஹால் ஜெல் சரியாக வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும்தான். இரண்டரை வயதுக் குழந்தை எதைத் தொட்டாலும் கையை வாயில் வைப்பாள், சாப்பாட்டுக்கு முன்னால் 20 விநாடி கழுவுங்கள். காகிதச் சோப்பு ஒரு சின்ன டப்பா பையில் போட்டுக்கொண்டால் கரையில் இறங்கும்போதும் உதவும்.

வெயிலுக்கு, முழுக்கை நீச்சல் சட்டை, தாடையில் கட்டும் நாடா வைத்த தொப்பி. நாடா இல்லாத தொப்பி முதல் நாளே கடலுக்குப் போய்விடும். காற்று அடிப்பதால் வெயில் சுடுவது தெரியாது, அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சன்ஸ்க்ரீனைத் திரும்பப் பூசுங்கள்.

இப்போது அந்த மிதவை. சகோதரி கடைசியில் கேட்டிருந்தாலும் எனக்கு இதுதான் முக்கியமான இடம்.

முதலில் ஒரு செய்தி, பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். டயபர் போடும் குழந்தையைக் கப்பலின் பொது நீச்சல் குளத்தில் பெரும்பாலும் இறக்க முடியாது, நீச்சல் டயபர் போட்டிருந்தாலும். நீச்சல் டயபர் கிருமியைத் தடுப்பதில்லை, சிறுநீரைத் தாங்குவதும் இல்லை. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களை அந்த நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் 1975 முதல் சுகாதாரச் சோதனை செய்கிறது. அந்த விதிகளின்படி, டயபர் குழந்தைகளுக்கென்றே வடிவமைத்து அனுமதி பெற்ற நீர் விளையாட்டு இடத்தில் மட்டும்தான் அவர்களை விடலாம். சில கப்பல்களில் அப்படி ஓர் இடம் உண்டு, பலவற்றில் இல்லை. உங்கள் கப்பலில் இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். இல்லையென்றால் குழந்தையிடம் 'குளத்தில் குளிக்கப் போகிறோம்' என்று ஆசை காட்டாதீர்கள். கரையில் இறங்கும் ஊர்களின் கடற்கரைக்கு அந்த ஆசையைத் தள்ளி வைக்கலாம்.

அடுத்து, கையில் மாட்டும் காற்று மிதவை போதுமா? போதாது. அது கழன்றுவிடும், காற்று இறங்கிவிடும். அதைவிட, அதை மாட்டியதும் பெரியவர்களின் கண் கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது. நான் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். தரச்சான்று பெற்ற, கால் இடுக்கில் பட்டை போட்டுக் கட்டும் நீச்சல் ஜாக்கெட்டைக் கொண்டு போங்கள், அதற்குப் பெட்டியில் இடம் கொடுப்பது தகும். கப்பலில் சிலவற்றைத் தருவார்கள் என்றாலும் அளவு கிடைக்குமா தெரியாது, கரையிலும் அது வேண்டும்.

என்னிடம் கேட்கப்பட்டது 'என்ன எடுத்துப் போவது' என்று. 'யார் பார்த்துக்கொள்வது' என்று ஒருவராவது கேட்கமாட்டார்களா என்று எதிர்பார்ப்பேன். அமெரிக்காவில் ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் வேறு எந்தக் காரணத்தையும்விட நீரில் மூழ்கித்தான் அதிகம் இறக்கிறார்கள். மூழ்கும் குழந்தை கத்துவதில்லை, கை அசைத்துக் கூப்பிடுவதில்லை. சத்தமே வராமல் நடந்துவிடும். எல்லாக் கப்பலின் குளத்திலும் உயிர்காப்பாளர் இருப்பதில்லை.

இதில் கூட்டுக் குடும்பமாகப் போகிறவர்களுக்கு ஒரு தனி ஆபத்து இருக்கிறது. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, அத்தை, மாமா என்று ஆறு ஏழு பெரியவர்கள் குளத்தைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அம்மா, பாட்டி பார்க்கிறார் என்று நினைப்பார். பாட்டி, அத்தை பக்கத்தில்தானே இருக்கிறாள் என்று நினைப்பார். அத்தை தன் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் பார்த்த ஒரு குடும்பம் இதற்கு நல்ல வழி வைத்திருந்தது. ஒரு பச்சைக் கயிற்றுப் பட்டை. யார் கையில் அது கட்டியிருக்கிறதோ அவர்தான் அந்த நேரத்தில் காவல். அவர் போனைத் தொடமாட்டார், யாரோடும் பேச உட்காரமாட்டார், கை நீட்டினால் குழந்தையைத் தொடும் தூரத்தில் இருப்பார். பதினைந்து நிமிடம் ஆனதும் அவிழ்த்து இன்னொருவர் கையில் கட்டி, பெயர் சொல்லி, 'இனி நீங்கள்' என்று வாய்விட்டுச் சொல்வார். தாத்தாகூடத் தன் முறைக்குக் காத்திருந்து கட்டிக்கொண்டார். அந்தப் பட்டையைப் பெட்டியில் போடச் சொல்வேன். எடை ஒன்றும் இல்லை.

பால்கனி உள்ள கேபின் என்றாலும் இதே காவல்தான். கதவின் மேல் தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும், ஒவ்வொரு தடவையும் போடுங்கள். வெளியே இருக்கும் நாற்காலியையும் மேஜையையும் கைப்பிடிச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், முடிந்தால் அவற்றை எடுத்துவிடச் சொல்லிக் கேபின் ஊழியரிடம் கேளுங்கள். இரண்டரை வயதில் ஏறத் தெரியும்.

சகோதரி, கப்பல் நிறுவனத்துக்கு இன்றைக்கே எழுத வேண்டியவை மூன்று. தொட்டில் எங்கள் கேபினுக்குப் பதிவாகியிருக்கிறதா? டயபர் குழந்தைக்கான நீர் விளையாட்டு இடம் இந்தக் கப்பலில் உண்டா? குழந்தைகள் பராமரிப்பு அறையில் டயபர் போடும் குழந்தையை ஏற்பார்களா? பல கப்பல்களில் பிள்ளைகள் மன்றம் மூன்று வயது முடிந்து டயபர் விட்டவர்களுக்குத்தான், சின்னவர்களுக்கான அறை தனி, அதில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள். கரையில் வாடகைக் காரில் குழந்தை இருக்கை வேண்டுமா என்றும் இதே கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள், எந்தெந்த ஊர்களில் இறங்குகிறீர்கள் என்று தெரிந்தால்தான் அதற்குச் சரியாகச் சொல்ல முடியும்.